மணல், ஒரு நாள் முழுதும்

செக்காலையில் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது.
மொட்டை மாடியில் பாய் விரித்து
செல்போன் வெளிச்சத்தில்
லங்காவி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
பகலெல்லாம் பங்குனி வெயில் குடித்த தளம்
பாயைத் தாண்டி முதுகைச் சுடுகிறது.

"சித்திரை பத்துக்குள்ள ஏறிரணும்.
பிந்துனா டிக்கெட்டும் கூடும்,
அங்கிட்டு மழையும் பிடிச்சுக்கும்."
டயர் கடை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
சேவுகன் நாட்களைக் கட்டம் கட்டுகிறார்.

திருச்சியில் நடுராத்திரி விமானம்.
கோலாலம்பூரில் நாலு மணி நேரம் காத்திருப்பு.
அதற்கு நேரே 'வேஸ்ட்' என்று எழுதினார்.
நான் அடித்துவிட்டு 'தூக்கம்' என்று எழுதினேன்.
அவருக்குக் கேபிள் கார் வேண்டும்,
மலையுச்சித் தொங்கு பாலம் வேண்டும்,
சதுப்புக் காட்டுக்குள் படகு,
குகை, குகை நிறைய வௌவால்.

எனக்கு மணல்.

"மணல்ல என்ன செய்வ?"
"உக்காந்திருப்பேன்."
"அதுக்குத் தொண்டி போதாதா தெய்வானை?
ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு."

தொண்டியில் போன தடவை
காலை நனைக்கக் குனிந்தபோது
பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.
நீங்க டயர் கடை வீட்டு ஆச்சிதானே,
ஏதும் விசேஷம் உண்டா?
கடலுக்கு முதுகைக் காட்டி நின்று
இன்னும் இல்லைங்க என்று சொல்லி முடிப்பதற்குள்
ஒற்றைச் செருப்பை அலை கொண்டுபோய்விட்டது.

நீச்சல் உடை ஒன்று
மூன்று நாளாக ஆன்லைன் கூடையில் கிடக்கிறது.
கறுப்பு. முழுக்கை. முழங்கால் வரை.
அளவு கேட்டது என்று டேப்பைச் சுற்றினேன்.
தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட தடம்
ஒன்றுகூட இப்போது இல்லை.

பாஸ்போர்ட் வைக்க உறை தேடியதில்
ஜிப் வைத்த மஞ்சள் ஃபைல்தான் அகப்பட்டது.
மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்தது.
உள்ளே ஆறு வருஷம்.
ஸ்கேன்களை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தார்,
கிழிக்கவில்லை, நானும் கிழிக்கச் சொல்லவில்லை.

மூன்று தடவை.
நாலாவதுக்கென்று போட்டுவைத்த ஒன்றேமுக்கால் லட்சம்
மாசியில் முதிர்ந்தது.
வங்கியிலிருந்து வண்டியில் வரும்போது பேச்சில்லை.
கல்லுக்கட்டி முக்கில் நிறுத்தினார்.
இளநீர் வாங்கிக் கொடுத்தார்.
வெட்டிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்,
"கடலுக்குப் போவமா?" என்றார்.
ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதை
எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னோம்.

இந்த ஊர் ஆட்கள் கப்பலேறாத கடலா?
பினாங்கு, ரங்கூன், சைகோன்.
பேரேடும் பெட்டியுமாகப் போனார்கள்,
வட்டிக்கு விட்டார்கள், தேக்கு அனுப்பினார்கள்.
கால் நனைத்த வகையில் இவ்வளவு என்று
எவர் பேரேட்டிலாவது ஒரு வரி இருந்திருக்குமா?

நாளைக்குப் பெரிய பெட்டியை இறக்கி
வாசலில் வெயில் காட்ட வேண்டும்,
பூச்சி உருண்டை வாடை போக.
தெரு பார்க்கும்.
பிள்ளை கூட்டிக்கச் சொன்ன எதிர்வீட்டு ஆச்சி
கோலமாவுக் கிண்ணத்தோடு வந்து நிற்பார்.
என்ன விசேஷம் என்பார்.
உண்டு என்று சொல்லப்போகிறேன்.
மீதியை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

கரண்ட் வந்துவிட்டது.
கீழே ஃபேன் சுற்றுகிற சத்தம், யாரும் எழவில்லை.
சேவுகன் வௌவால் குகையை அடித்தார்.
அந்தக் கட்டத்தில், பில் போடும் கையெழுத்தில்,
'மணல், ஒரு நாள் முழுதும்' என்று எழுதி
அடியில் கோடும் போட்டார்.

பிறகு கேட்டார்,
"உனக்கு நீச்சல் தெரியாதுல்ல?"
"உங்களுக்கு?"
"எனக்கும்தான்."

மஞ்சள் ஃபைலின் ஸ்டிக்கரை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
'கருத்தரிப்பு' உரிந்துவிட்டது.
'மையம்' வர மாட்டேன் என்கிறது.