நடுவில் விடுபட்டது

ஆரணியிலிருந்து வரும் ஏழு பத்து வண்டியின்
நெற்றிப் பலகையில்
நடுவெழுத்தை வெயில் உரித்துத் தின்றுவிட்டது.
லூ போனதால் இப்போது அது
‘வேர்’ என்று எழுதிக்கொண்டு வருகிறது.
கண்ணமங்கலத்தில் யாரும் குழம்புவதில்லை,
கையைக் காட்டுகிறோம், ஏறுகிறோம்.
பாகாயத்தில் நான் இறங்கிவிடுவேன்.
வண்டி வேருக்குப் போகும்.

முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
பத்தொன்பதாம் எண் காத்திருக்கிறது.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்ததெல்லாம்:
பெண், வயது நாற்பத்தொன்று, பித்தப்பை அறுவை,
வயிற்றுத் தோலுக்கடியில் கிள்ளியெடுத்த
ஒரு கிராம் மஞ்சள்.
வெளியே மே மாதம், நாற்பத்திரண்டு.
தட்டுக்குள் இருக்கிற செல்களுக்கு
வேலூர் வெயில் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் நாள் அவை நூற்கதிர் மாதிரி
நீண்டு மெலிந்து படுத்திருக்கும்.
இன்சுலின் ஒரு சொட்டு, ஸ்டீராய்டு ஒரு சொட்டு,
இன்னும் இரண்டு மருந்து.
நாலாம் நாள் ஓரத்தில் ஒரு மினுக்கம்.
பத்தாம் நாள் சிவப்புச் சாயம் ஊற்றினால்
குழம்பின் மேல் மிளகாய் எண்ணெய் திரண்டதுபோல்
உருண்டை உருண்டையாய்.
மற்ற தட்டுகளில் அப்படித்தான்.
பத்தொன்பதில் பாதிக்குமேல்
கதிராகவே கிடந்தன.

மரபணு வளவளவென்று எழுதும்.
அதில் வேண்டாததை வெட்டி
வேண்டியதை ஒட்டித் தருவதற்கு
உள்ளே ஒரு கத்தரி இருக்கிறது.
சில சமயம் அது
வேண்டிய ஐந்தாம் துண்டையும் சேர்த்து வெட்டிவிடும்.
கைப்பிசகா, கணக்கா,
இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை.
மரம், வேரோடு சேரும்போது மகரம் கெடும்.
இலக்கணத்தில் ‘கெடுதல்’ ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை.
மரவேர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே,
முழுதாய்ப் பிறந்த புரதம் செல்லிடம் போய்
‘கொழுப்பைச் சேர்த்து வை, உருண்டையாகு’ என்று சொல்லும்.
ஐந்து விடுபட்டுப் பிறந்ததும்
அதே வாசலைக் கண்டுபிடித்துப் போகும்.
போய் நிற்கும்.
கட்டளை கேட்கும் காது அதற்கு இல்லை.
பின்னால் வரும் அண்ணனுக்கும்
வழி விடாது.

கொழுப்பு செல் பிறக்காவிட்டால் நல்லதுதானே
என்றார் என் வீட்டுக்காரர் தணிகாசலம்.
இராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர்.
எடை ஐம்பத்தொன்று.
சர்க்கரை இருநூற்று எண்பது.
‘என் உடம்பில் ஏது டாக்டர் கொழுப்பு’ என்று
எலும்பைக் காட்டி வாதாடிய அன்று
ஸ்கேனில் ஈரல் வெள்ளையாய்த் தெரிந்தது.
காந்தி ரோட்டு லாட்ஜெல்லாம் நிரம்பினால்
அசாமிலிருந்து வந்தவர்கள்
பெட்டியைத் தலைக்கு வைத்து
நடைபாதையில் துணி விரிக்கிறார்களே,
அதுபோல, வைக்க அறை பிறக்காத எண்ணெய்
ஈரலில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
அவருக்கும் ஐந்துதான் விடுபட்டதா?
தெரியாது.
அவர் கையெழுத்திட்ட படிவம் ஏதும் எங்களிடம் இல்லை,
ஆசைக்காக ஊசி குத்த முடியாது.
ஜாங்கிரிப் பொட்டலத்தை நான் பிடுங்கினால் மட்டும்
‘உனக்குத்தான்டி கொழுப்பு’ என்கிறார்.

சாயங்காலம் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம்.
மேலே ஒரு கோடு, முழுசு.
கீழே ஒரு கோடு, குறைந்தது.
பத்தொன்பதில் கீழ்க்கோடு
டியூப்லைட் மாதிரி எரிந்தது.
நான் கத்திவிட்டேன்.
சர்புதீன் அசையவில்லை.
‘ஒரு தடவை பத்தாதுக்கா.
மூணு தடவை ஓட்டணும். இன்னும் ஆள் வேணும்.’
அப்போதுதான் கரண்டு போனது.
ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தப் பதினோரு நொடியில்
பெயர் தெரியாத ஒருத்தியை நினைத்தேன்.
தையல் பிரித்திருப்பார்கள்.
எங்கேயோ தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள்,
தன்னில் ஒரு கிராம்
இருட்டில் எனக்கருகே இருப்பது அறியாமல்.

எட்டே முக்காலுக்கு அதே வண்டி வந்தது.
பலகையைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்: ஆரணி.
மூன்று எழுத்தும் இருந்தன.
நடுவில் ர-வின் காலில் மட்டும்
வண்ணம் உரியத் தொடங்கியிருந்தது.
அது விழுந்தால் என்ன மிஞ்சும் என்று
கணியம்பாடி வரை
எழுத்துக் கூட்டிக்கொண்டே போனேன்.