உதடு ஒட்டாத வசனம்

திருத்துறைப்பூண்டி, இரவு பதினொன்றே கால்.
மடிக்கணினியில் ஒரு சீன டிராகன்
நாற்பத்தேழாவது முறையாக வாயைத் திறக்கிறது.

ஆற்றுக்கு ராஜா அது.
மீசையே ஆறு முழம்.
ஒவ்வொரு செதிலுக்கும் தனி வெளிச்சம் வைத்திருக்கிறார்கள்
எந்த ஊர்ப் பிள்ளைகளோ, கண் எரிய எரிய.
அதற்குத் தமிழ் கொடுப்பது என் வேலை.

நீண்ட மூஞ்சி. மேலுதடும் கீழுதடும்
ஒட்டவே ஒட்டாது.
ப வராது, ம வராது,
வ போட்டால் வடபழனியிலிருந்து
ரெஹானா கூப்பிட்டுத் திட்டுவாள்.
அந்தக் காலத்துப் புலவர்கள்
பந்தயம் கட்டி நிரோட்டகம் பாடினார்கள்.
நான் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பாடுகிறேன்.

ஆகவே இந்த ராஜாவுக்கு
மழை என்று சொல்ல வராது.
காவிரி வராது.
மதகு, வயல், பயிர், சம்பா, ம்ஹூம்.
தண்ணீர் வரும். அணை வரும்.
திற என்று சொல்லலாம்,
திறப்பேன் என்று சொல்ல முடியாது.

கதை இதுதான்:
எத்தனை அங்குலம் பெய்யலாம் என்று
மேலுலகத்திலிருந்து ஓலை வரும்.
ஒரு துளி கூடினால் தலை போகும்.
பழைய கதையில் போயே போய்விட்டதாம்.
இது புதுப் படம். கீழே ஒரு பையன் நிற்கிறான்,
பாளம் பாளமாக வெடித்த சேற்றில், செருப்பில்லாமல்.
அவனுக்கு நல்ல உதடு.
அம்மா என்கிறான், மழை என்கிறான்,
அண்ணாந்து கேட்கிறான்:
"எப்போ விடுவே?"

ஐந்து நகமுள்ள கையை ராஜா தூக்குகிறது.
இரண்டே கால் நொடி.
வாய் எட்டு முறை அசைகிறது.
மூன்று நாளாக அந்த இடம் காலி.
விதி என்று தொடங்கினேன், வ.
ஆணை என்று போட்டேன்.
"அணைன்னுதான் காதுல விழுது" என்றாள் ரெஹானா.

கீழ்வீட்டுக் கதவு தட்டும் சத்தம்.
லஸ்கர் வேதரத்தினம் வீடு.
முள்ளியாற்று ரெகுலேட்டர் சாவி அவரிடம்.
மேட்டூர் திறந்து இருபத்தொன்பது நாள்,
இங்கே வாய்க்காலில் ஆட்டுப் புழுக்கை.
பைக் விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து பேர்.
ஒருவர் குரல், சண்டைக்கு வந்த குரல் இல்லை:
"எப்பய்யா விடுவே?"
பனியனோடு நிற்கிறார் வேதரத்தினம்.
கையை விரிக்கிறார்.
"எங்க கையில இல்லைங்க."

எண்ணிப் பார்த்தேன்.
எட்டு.
எங்கேயும் உதடு ஒட்டவில்லை.

அப்படியே தட்டி அனுப்பினேன்.
"ராஜா போய் 'ங்க' போடுமா?" என்று ரெஹானா.
"போடும்.
ஓலை அனுப்புகிறவர்களுக்கு அது ராஜா இல்லை."

அடுத்த காட்சியில் அது திறந்துவிடுகிறது,
தலையைப் பணயம் வைத்து.
நான்கு நிமிடம் வெறும் தண்ணீர்.
வசனம் இல்லை, அதனால் எனக்குக் காசும் இல்லை.

பைக்குகள் இன்னும் கிளம்பவில்லை.
ஒலியை முழுதாகக் குறைத்து வைத்துப் பார்த்தேன்,
அந்த இரைச்சல்
கீழே கேட்டுவிடக் கூடாதென்று.