காரணம்: காற்று

உச்சிப்புளி ரயிலடிக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத அறை.
பாசஞ்சர் போய் முடியும்வரை
யாரும் கண்ணாடி வைப்பதில்லை.
மேசை அடங்கணும். பிறகுதான் பசை.

பத்துக்கு ஒன்று கலக்கும்போது நுரைக்கும்.
வெற்றிடக் குடுவைக்குள் வைத்தால்
உலைச்சோறாய்ப் பொங்கி எழுந்து
தானே அமரும்.
பொங்கி அமர்ந்ததைத்தான் நம்பலாம்.

செல்லின் நடுவில் ஒரு சொட்டு.
கண்ணாடியின் ஓர் ஓரத்தை முதலில் தொடவிட்டு
மெல்லச் சாய்த்தால்
பசை தானாக ஓடி நாலு மூலையும் பிடிக்கும்.
அவசரக்காரி குமிழ் வாங்குவாள்.

நூறு மைக்ரான் கண்ணாடி, தும்மினால் பறக்கும்.
செல்லைவிட மயிரிழை அகலம் கூட வேண்டும்:
மறைக்காமல் விட்ட விளிம்புக்குச்
சூரியன் வெளிச்சம் மட்டும் அனுப்புவதில்லை
என்றார் அசன் கனி சார்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ரோஸ்லெட் அக்கா பாசிக்குப் போகும்போது
விரல் விரலாய்த் துணி சுற்றுவாள்.
நானும் ஆறு வருஷம் சுற்றினேன்.
இப்போது மெல்லிசு ரப்பர் உறை.
உள்ளே, பாறை தின்ற ரேகை.
வாசலில் இருக்கும் வருகை மெஷினுக்கு
இன்னும் என்னைத் தெரியாது,
கையெழுத்துதான்.

இன்று கச்சான்.
இரண்டு கதவு, ஒட்டுப் பாய், தொப்பி, முகமூடி
எல்லாம் தாண்டி
ஈரமானியில் வந்து நின்றது கடல்:
அறுபத்தெட்டு.
வேலையை நிறுத்தினார்கள்.
காலையில் ஒட்டியதை
மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்றில், கடுகில் பாதி,
ஒரு குமிழ்.

"அளவுக்குள்ளதான் இருக்கு," என்றார் சார்.
"விடலாம். உன் இஷ்டம்."

தம்பி சூசை
காற்றுக்குழாய் கட்டிச் சங்கு குளிக்கிறவன்.
மேலே வர வர மூச்சு பெருக்கும்,
அடக்கினால் நெஞ்சைக் கிழிக்கும் என்பான்.
இதுவோ அவன் வருகிற மேலுக்கும்
எவ்வளவோ மேலே போவது.
அமுக்கிப் பிடிக்க வெளியே ஒன்றும் இல்லாத இடம்.
தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு தடவை
வெயில், பிறகு உறைகுளிர்.
உள்ளே இருப்பதோ எங்கள் ஊர்க் காற்று:
கருவாடு, டீசல்,
ரயில் கிளப்பிய புழுதி,
யாரோ ஒருத்தியின் மூச்சு, என்னுடையதாகவும் இருக்கலாம்.
கண்ணாடிக்குக் கீழே எத்தனை நாள்
சும்மா இருக்கும் அது?

பதிவேட்டில் எழுதினேன்:
செல் 41. நிராகரிப்பு.
காரணம்: காற்று.

சார் படித்தார்.
என்னைப் பார்த்தார்.
கடைசிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு
'குமிழ்' என்று திருத்தினார்.