கொத்து

ஓடும்போது நிற்காது. நின்றால்தான் சிக்கல்.
அதுவும் எல்லா நேரமும் இல்லை.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
டீசல் மிச்சம் பிடிக்க அணைத்தால்
கேட் திறக்கும்போது
திருட்டுப் பூட்டின் சிவப்பு விளக்கு
விடாமல் கண்ணடிக்கும்.
பின்னால் மன்னார்குடி பஸ்,
அதற்கும் பின்னால் வண்டி வண்டியாக வசவு,
முன்னால் நானூறு மூட்டை நெல்லோடு
அமிர்தகடேசன்,
தான் ஓட்டும் லாரியிலேயே திருடனாக.
பத்து நிமிடம் கழித்து
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

என் கடைக்கு வந்தால்
பல் டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி.
கொத்திலிருந்து சாவியைக் கழற்றி வாங்கிப்
போட்டேன், ஸ்டார்ட்.
அணைத்துப் போட்டேன், ஸ்டார்ட்.
பதினேழு முறை.
ஸ்கேனர் சொன்னது:
தற்போது கோளாறு இல்லை.
பழைய பதிவு ஒன்று: சாவி அடையாளம் தெரியவில்லை.

அவரிடம் காரணங்கள் இருந்தன.
வெண்ணாற்றுப் பாலம் தாண்டினால் வருகிறது.
ஈர நெல் ஏற்றினால் வருகிறது.
செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.
நான் எதையும் மறுக்கவில்லை.
விட்டு விட்டு வரும் கோளாறுக்கு
எல்லாச் சாட்சியும் பாதி உண்மை.

பேட்டரி இருபத்து நாலே முக்கால், பழுதில்லை.
கேபினுக்கடியில் எர்த் ஒயர் பச்சை பூத்திருந்தது,
சுரண்டித் துடைத்து முறுக்கினேன்.
சாவித் துளையைச் சுற்றிய காயில், சரி.
கனெக்டரில் உமி.
நெல் லாரியில் உமி இல்லாத இடம் எது?
ஊதினேன், அவ்வளவுதான்.
கூத்தாநல்லூரிலிருந்து ஹாஜா மைதீன் முதலாளி போனில்
"அந்த எழவைப் பிடுங்கிப் போட்டுடு தம்பி" என்றார்.
பிடுங்க அரை மணி நேரம் போதும்.
மாட்டேன் என்றேன்.
தொழில் தர்மம் எல்லாம் இல்லை, வீம்பு.

மூன்றாம் நாள் கூடவே ஏறினேன்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையம், எடைமேடை, டீக்கடை,
ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கையையே பார்த்துக்கொண்டு.
கேட் மூடியிருந்தது. அணைத்தார்.
கூட்ஸ் ஒன்று சாவகாசமாகப் போனது.
திருப்பினார். சிவப்பு.
அப்போதுதான் கொத்து தொங்கிய விதத்தைக் கண்டேன்:
லாரிச் சாவியின் தலையோடு தலை ஒட்டி
இன்னொரு கறுப்புத் தலை.
கடையில் நான் ஒற்றையாகக் கழற்றித்தானே பார்த்தேன்,
பதினேழு முறையும்.

"இது எதுண்ணே?"
"பழைய வண்டிது."
ஹாரன்கள்.
"நம்ம வண்டி. ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டான்.
ரெண்டு சாவில ஒண்ணத்தான் கேட்டான்.
இன்னொண்ணு இருக்கான்னு கேக்கல, நானும் சொல்லல."

காயில் கேட்கும்: யாரு?
சாவித் தலைக்குள் அரிசி அளவுச் சில்லு
தன் எண்ணைச் சொல்லும்.
இங்கே ரெண்டு பேர் ஒரே நேரத்தில்.
ஒன்றின்மேல் ஒன்று ஏறிய குரலில்
லாரிக்கு ஓர் இலக்கமும் விளங்கவில்லை.
அந்த வண்டி இப்போது
எந்த மாநிலத்தில் எந்தப் பெயிண்டில் ஓடுகிறதோ,
சாவி மட்டும் இங்கே
யார் கேட்டாலும் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு சாணாவது தள்ளி வையுங்கள் என்றேன்.
வளையத்தைப் பிளக்க அவர் நகத்துக்கு வரவில்லை.
நான்தான் கழற்றினேன்.
டேஷ்போர்டில் வைத்தார். எடுத்தார்.
சட்டைப் பையில் போட்டார், எடுத்தார்.
கடைசியில் அரைஞாண் கயிற்றில் முடிந்து
கைலிக்குள் விட்டுக்கொண்டார்.
ஸ்டார்ட்.

முதலாளிக்குப் பில் எழுதினேன்.
எர்த் ஒயர் சுத்தம் செய்தது, முந்நூறு.
கோளாறு என்ற கட்டம் காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'உமி' என்று போட்டேன்.