இருபத்தாறு, முப்பத்தேழு

அக்டோபரில் குரோனிங்கனுக்கே ஓர் இனிப்பு வாடை.
பீட் கிழங்கு லாரிகள் சர்க்கரை ஆலைக்குள் போனபடி இருக்கின்றன.
காற்று திரும்பினால் எங்கள் நான்காம் மாடி வரை வரும்.
அந்த வாடையில் உட்கார்ந்துகொண்டுதான்
யெல்மர் ஈஸ்ட்டைப் பட்டினி போடுகிறான்.

நைட்ரஜன் இல்லாத நீர். ஆறு மணி நேரம்.
பசித்த செல் தன்னையே மூட்டை கட்டத் தொடங்கும்:
பழைய புரதம், ஓட்டை விழுந்த உறுப்பு,
அகப்பட்டதையெல்லாம் சவ்வில் சுருட்டி
நடுவிலிருக்கும் நுண்குமிழுக்குள் தள்ளும்.
அது வயிறு. புளித்த வயிறு.
அங்கே கத்திகள் காத்திருக்க வேண்டும்.

கத்திகள் வார்க்கப்படுவது வேறு மூலையில்.
உறையோடுதான் புறப்படும்,
வழியில் யாரையும் கீறிவிடக் கூடாதே.
நெற்றியில் நாலே எழுத்து.
அதைப் படித்து ஏற்றிக்கொள்ள ஒரு கை;
இறக்கிவிட்டு வெறுங்கையாய்த் திரும்பும், அடுத்த சுமைக்கு.
குமிழின் புளிப்புக்குள் போன பிறகே
உறை கழலும்.

இருபத்தாறு டிகிரியில் இதெல்லாம் நடக்கிறது,
யாரும் பாராட்டாமல்.

முப்பத்தேழில் அந்தக் கை திரும்பி வருவதில்லை.
உறை கழலாத கத்திகள் வாசலுக்கு வெளியே கொட்டுகின்றன.
தாளை ஒற்றி எடுத்தால் கறுப்புக் கறுப்பாய் வட்டங்கள்.
உள்ளேயோ மூட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன,
பிரிக்க ஆளில்லை.
நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன்:
குமிழ் நிறையத் துள்ளல்,
பட்டாணி சூப் கொதிப்பதுபோல.
ஒரு பட்டாணிகூட வேகவில்லை.

"விப்கே, நானூற்றுப் பதினேழு புதுசு" என்றான்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத பிழை.
அதற்காக மூன்று மாதம் கொடுத்தான்.
கீழே அவன் சைக்கிள் இருக்கையில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

இன்று மைனஸ் எண்பது உறைபெட்டியைச் சுத்தம் செய்தேன்.
பனியைச் சுரண்டியபோது
நானூற்றுப் பதினேழின் மூலக்குழாயில்
ஒட்டுத்தாளுக்கு அடியில் இன்னொரு ஒட்டுத்தாள்.
எல்லோருக்கும் தெரிந்த பழைய திரிபு.
இரண்டிலும் என் கையெழுத்து.

பெட்டி மாற்றி வைத்தவள் நான்.
பிப்ரவரி, காய்ச்சல், கையுறைக்குள் மரத்த விரல்.
காரணமாகச் சொல்லவில்லை.
நடந்தது அது, அவ்வளவுதான்.

குழாயை அவன் மேசையில் வைத்தேன்.
எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான்.
மேல்தாளை நகத்தால் முழுக்க உரித்தான்.
வைவான் என்று நின்றேன்.
எழுந்துபோய் குடுவையில் கொஞ்சம் உணவு ஊற்றி
இருபத்தாறுக்கு மாற்றி வைத்தான்.

"காலைக்குள் கரைந்துவிடுமா, மூட்டைகள்?"
"கரையும்."

ரை ரொட்டி இருந்தது என் பையில், சீஸ் வைத்து.
பாதியை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.
ஜன்னலுக்கு வெளியே லாரி விளக்குகள்.
நெடுநேரம் மென்றான்,
விழுங்கவில்லை.