டம்மி எண்

சேப்பாக்கம், இரண்டாம் தளம், மே மாதம்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
விடைத்தாள்கள் எழுந்து எழுந்து உட்கார்கின்றன.
வீட்டுச் சாவியை மேலே வைத்திருக்கிறேன்,
அதற்காவது உதவுகிறது.

கேள்வி பதினேழு. பதினைந்து மதிப்பெண்.
நவீன அமெரிக்க நாடகத்தில் அந்நியமாதல்.
காலையிலிருந்து முப்பத்தொரு பேர்
ஒரே கைடின்
ஒரே வாக்கியத்தில்
தனிமைப்பட்டிருக்கிறார்கள்.

கட்டு கொண்டுவருபவர் கூப்பிடுகிறார்:
"நாப்பத்தாறு மேடம், இன்னும் முடியலையா?"
கௌரவ விரிவுரையாளர் நான், ஏழு வருஷமாக.
பதினோரு மாதத்துக்குத்தான் கௌரவம்.
மே அதில் சேராது.

முப்பத்திரண்டாவது தாள்.
முதல் வரி கைடு. இரண்டாம் வரியும் கைடு.
மூன்றாவதில் பேனா மாறுகிறது,
நீலத்திலிருந்து கறுப்புக்கு.

நாவலூரில் எண்ணூறு வீடு உள்ள ஓர் அடுக்ககம்.
கேட்டில் நிற்பவர் என் அப்பா.
எல்லார் கார் நம்பரும் அவருக்கு மனப்பாடம்.
காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு
சம்பளம் கேட்கப் போனார், யூனிஃபார்ம் இல்லாமல்.
புது ஆள் நோட்டைத் தள்ளினான்.
அப்பா கோடு போட்டு வைத்திருந்த அதே நோட்டு.
பெயர் எழுதினார். நேரம் எழுதினார்.
'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாராம்.
அமெரிக்காவிலும் இப்படித்தான் நாடகம் எழுதுகிறார்கள்
என்று நினைக்கிறேன்.

அவ்வளவுதான். கீழே முழுப் பக்கம் காலி.

விடைக்குறிப்பில் ஆறு பாயிண்ட்.
ஒன்றுகூட இதில் இல்லை.
பன்னிரண்டு போட்டேன்.

தலைமைத் தேர்வாளர் கெட்டவர் இல்லை,
தன் மாரி பிஸ்கட்டில் பாதி எனக்குத் தருபவர்.
"நாடகத்தின் பேரே இல்லையேம்மா, நாலு போதும்."
கத்தரிக்காய் பேரம்போல் ஏறி இறங்கி
ஏழில் நின்றோம்.
பன்னிரண்டை அடித்து
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

மூலையைப் புரட்டிப் பார்த்தேன்.
பெயர் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது.
ஆறு இலக்கம் மட்டும்.
ஆணா பெண்ணா, சாய்ந்த எழுத்து சொல்லவில்லை.
'அப்பா' வரும் இடங்களில் மட்டும்
பேனா அழுத்தியிருந்தது;
பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது.

ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன்.
கேட்டில் நாற்காலி, நாற்காலியில் நோட்டு,
நூலில் கட்டிய பேனா.
செக்யூரிட்டியின் சட்டைப் பையில்
கம்பெனி பெயர்தான் தைத்திருந்தது.

"வெளிய போறவங்க எழுத வேணாம் மேடம்."

அதற்குள்
பேனாவை எடுத்துவிட்டிருந்தேன்.