மதுரம் கூட்டி

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
மூன்று பெஞ்சு, ஒரு பாய்லர், கிளாரிபாய்.

முதல் நாள் கேட்டாள்: "மதுரம் எப்படி?"
"கூட்டி" என்றேன்.
பிறகு கேட்டதேயில்லை.

ரப்பர் வெட்டிவிட்டு வரும் தாசையனுக்குக் கடுப்பம்.
கண்டக்டர் சுஜினுக்குப் பாதி கிளாஸ்,
பஸ் உறுமுவதற்குள்.
எனக்கு, ஊறிய ரசவடையை
ஓரம் உடையாமல் எடுத்து வைப்பாள்.

இன்று குழித்துறை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தேன்.
சட்டைப்பையில் மடித்த சீட்டு:
இருநூற்று எண்பத்தாறு.

வாயைத் திறப்பதற்குள்
கிளாசில் கரண்டி தட்டும் சத்தம்.
மூன்று. எனக்கு எப்போதும் மூன்று.

தகரத்தில் மழை.
"சாயா ஆறுதே" என்றாள்.

குடித்தேன்.
அடியில் கரையாமல் கிடந்ததையும்
சுழற்றிக் குடித்தேன்.

நாளை சொல்லிவிட வேண்டும்.
இல்லையென்றால்
திக்கணங்கோடு சுற்றிப் போக வேண்டும்.